நான் பட்ட கஷ்டத்தை என் மகனும் பட வேண்டுமா?

கேள்வி:

எனக்கு 56 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 12 வயதில் அப்பாவை இழந்தேன். அப்போது எனக்கு மத்தியானப் பள்ளிக்கூடம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து அம்மாவோடு காட்டுக்குப் போவேன். அவர் பாலுக்கு மரம் வெட்ட, நான் ஒட்டுப்பால் உரித்து, பால் விழும் மங்கைத் துடைத்து வைப்பேன். பால் எடுத்து ஸ்டோரில் கொட்டிவிட்டு, ஓடி வந்து குளித்துப் பஸ் பிடிப்பேன். தங்கச்சியைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துக்கொண்டார். பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சைக்குக் கட்டணம் கட்டியது வகுப்பு ஆசிரியர். பிறகு தோட்டத்தைச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாற்றினார்கள், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தோம். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளி) வெல்டிங் பழகினேன். இன்று ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். தாமான் குடியிருப்பில் சொந்த வீடு இருக்கிறது.

மகனுக்கு 23. போலிடெக்னிக் முடித்தவன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் முதல் வேலை. ஆள் குறைப்பில் அது போய்விட்டது. அடுத்து ஷா ஆலாமில் ஒரு வேலை. மூன்றே மாதத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டான். மேலாள் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் ஏசுகிறாராம். இரண்டு மாதமாக வீட்டில் படுத்துக் கிடக்கிறான். அவனுடைய மோட்டார் சைக்கிள் தவணையை நான் கட்டுகிறேன். எனக்குத் தெரியாமல் மனைவி வேறு கைச்செலவுக்குக் கொடுக்கிறாள். நான் பட்டதில் பாதி பட்டிருந்தால் இவன் இப்படி ஆகியிருக்க மாட்டான். வரும் ஒன்றாம் தேதியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெளியே போய்ப் பிழைத்துக்கொள் என்று சொல்லப் போகிறேன். பட்டால்தானே புத்தி வரும்? கஷ்டம்தானே ஆளை உருவாக்கும்?

- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

ஒரு துன்பமும் படாமல் வளர்ந்தவருக்குத் திடம் குறைவு என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. மார்க் சீரி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 2,398 பேரிடம், வாழ்க்கையில் நேர்ந்த சாவு, நோய், பணமுடை, வன்முறை, விபத்து எல்லாவற்றையும் கேட்டுக் கணக்கெடுத்து 2010-ல் வெளியிட்டார்கள். எதுவுமே நேராதவர்களைவிடச் சிலவற்றைக் கடந்து வந்தவர்கள் மனநலத்தோடும் வாழ்க்கையில் நிறைவோடும் இருந்தார்கள். புதிதாக ஓர் அடி விழுந்தபோதும் அவர்கள் அவ்வளவாக ஆடிப்போகவில்லை. இதுவரை உங்கள் கட்சி. ஆனால் அதே கணக்கில், மேலும் மேலும் அடி வாங்கியவர்கள் அந்தச் சிலவற்றை மட்டும் கடந்தவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இவர்களைப் பார்த்துத்தான். தொடர்ந்து பட்டால் யாரும் ஞானியாகிவிடுவதில்லை.

அப்படியென்றால் நீங்கள் எப்படி ஆளானீர்கள்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதில் கஷ்டத்தோடு கூடவே நாலு பேர் வருகிறார்கள். இருட்டில் உங்களைக் கூடவே கூட்டிப்போன அம்மா. தங்கச்சியை மடியில் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பரீட்சைப் பணம் கட்டிய ஆசிரியர். தொழில் சொல்லிக்கொடுத்த தவுக்கே. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். மாலையை மட்டும் கஷ்டத்தின் கழுத்தில் போடுகிறீர்கள்.

இந்த நாலு பேரை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஹவாயில் காவாய் என்று ஒரு தீவு. அதுவும் தோட்டத் தீவுதான், கரும்பும் அன்னாசியும் விளைந்த இடம். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த ஊர். 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் ரூத் ஸ்மித் என்பவரும் நாற்பது வயது வரைக்கும் பின்தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிறப்பிலேயே சிக்கல், ஓயாத சண்டை, குடிக்கும் தகப்பன், மனநோய் கண்ட தாய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினார்கள். மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வந்தார்கள், வேலை செய்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், பிறர்மேல் அக்கறையோடு இருந்தார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் கஷ்டம் ஒன்றுதான். நன்றாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாய்த்தது, அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், யாராகவும் இருக்கலாம். இன்னொன்றும் இருந்தது. வீட்டுக்குத் தேவையான ஒரு வேலையைச் சின்ன வயதிலேயே பொறுப்பாகச் செய்தவர்கள் பலர். நீங்கள் மங்கு துடைத்ததுபோல. அந்த வேலை ஒரு தண்டனையாக அவர்களுக்குத் தரப்படவில்லை, அவர்கள் செய்யாவிட்டால் வீடு நடக்காது. ‘நான் இங்கே வேண்டியவன்’ என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவது லேசான விஷயம் இல்லை.

இந்த ஆராய்ச்சியில் உங்கள் மகனுக்கும் ஒரு சேதி இருக்கிறது. பதினெட்டில் தடம் புரண்டவர்களில் பலர் முப்பது, நாற்பதில் எழுந்து நின்றார்கள். மறுபடி படிக்கக் கிடைத்த வாய்ப்பு, நிலையான ஒரு வேலை, நல்ல துணை, ஒரு கோயிலோ தேவாலயமோ தந்த பிடிப்பு, இவைதான் அவர்களைத் தூக்கிவிட்டன. 23 வயதுப் பையனுக்குத் தீர்ப்பு எழுத அவசரம் வேண்டாம்.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாய் தலையால் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். ஜோடியாக இருந்த இன்னொன்றுக்கு அந்த வழி கிடையாது; முதல் நாய் நிறுத்தும்போதுதான் அதற்கும் நிற்கும். ஆக இரண்டும் பட்ட வலி இம்மியும் பிசகாமல் ஒரே அளவு. மறுநாள் வேறொரு பெட்டியில், நடுவே இருந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையில் விட்டார்கள். பலகை இருந்த நாய்கள் தாண்டின. மற்றவற்றில் பெரும்பாலானவை முயற்சிகூடச் செய்யாமல் படுத்துக் கிடந்தன.

‘படுத்துக் கிடக்கிறான்’ என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பிள்ளைப் பருவத்தில் கையில் ஒரு பலகை இருந்தது, ஐயா. வேகமாகத் துடைத்தால் அம்மா சீக்கிரம் முடிப்பார். நன்றாகப் படித்தால் வாத்தியார் கவனிப்பார். வெல்டிங் படிந்தால் தவுக்கே சம்பளத்தைக் கூட்டுவார். கஷ்டம் பெரிதுதான், ஆனால் உங்கள் உழைப்புக்கு அது அசைந்து கொடுத்தது. உங்கள் மகனுக்கு முதல் வேலை போனதில் அவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பட்டியல் போட்டார்கள், அதில் அவன் பெயர் இருந்தது. அடுத்த இடத்தில் ஒழுங்காகச் செய்தாலும் ஏச்சு, செய்யாவிட்டாலும் ஏச்சு. இந்த இரண்டுக்கும் மேலே, சொந்த வீடும் ஒன்றாம் தேதியோடு கதவைச் சாத்தினால் அவன் என்ன பாடம் கற்பான் என்று நினைக்கிறீர்கள்? தான் எதைச் செய்தாலும் ஒன்றும் மாறாது என்பதைத்தான்.

நம் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றியும் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம். அதைப் பற்றி இப்போது ஒரு பெருமைப் பேச்சு வந்திருக்கிறது: அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டோம், அதனால்தான் நல்ல மனிதர்களாக இருந்தோம் என்று. திருமண மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் இந்தப் பேச்சுதான். உங்களோடு அதே லயத்தில் வளர்ந்து, அதே வயதில் அதே பாலைச் சுமந்தவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சிலர் உங்களைப் போல் வந்தார்கள். சம்சுக் குடியில் போனவர்களும் உண்டு. பெண்டாட்டி பிள்ளையை அடிப்பதைத் தவிர வேறு பேச்சு அறியாமல் போனவர்களும் உண்டு. முன்னுக்கு வராதவர்கள் கல்யாண மண்டபத்தில் வந்து உட்கார்ந்து கதை சொல்வதில்லை, அதனால் கஷ்டத்துக்கு நல்ல பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது. இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், சயாம் மரண ரயில் பாதை போட இந்தத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் பேரும் நம் ஆட்கள்தான். அவர்கள் பட்டதைவிடப் பெரிய சோதனை எது? போனவர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை.

கஷ்டத்திலிருந்து பலம் பிறந்த கதையும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். துண்டாடலில் அகப்பட்ட எத்தனையோ பேர் திக்குத் தெரியாமல் சிதறினார்கள். 1960-ல் சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அதற்கு முன்னாலும் துன்பம் இருந்தது, ஆனால் துன்பம் மட்டும் ஒரு ஏக்கர் நிலத்தையும் வாங்கித் தரவில்லை. செய்வதற்கு ஒரு வழியும், சேர்ந்து செய்ய ஆட்களும் கிடைத்த பிறகுதான் அதே ஜனங்கள் நிமிர்ந்தார்கள்.

மரம் வெட்டியவர் மகனுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. உளி பட்டையைச் சீவினால் பால் வரும், பட்டையும் மறுபடி வளரும். கை தவறிக் கட்டையில் இறங்கினால் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இதற்கும் அதற்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆழம் தப்பாமல் வெட்டினாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டிய மரம் பால் வற்றி நின்றதை உங்கள் அம்மா காட்டியிருப்பார். உங்கள் மகன்மேல் அடுத்தடுத்து இரண்டு வெட்டு விழுந்திருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது வேலை. மூன்று மாதத்தில் விட்டுவிட்டான், தாங்கும் சக்தி இல்லை என்பது உங்கள் குறை. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தோட்டத்துத் துரையும் கிராணியும் (கணக்குப்பிள்ளை) ஏசும்போது நம் அப்பா அம்மா தலைகுனிந்து நின்றது பொறுமையால் மட்டும் இல்லை. குடியிருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பதில் பேசினால் வேலையோடு கூரையும் போகும். ‘எனக்கு இந்தப் பேச்சு வேண்டாம்’ என்று எழுந்து வர உங்கள் மகனால் முடிந்தது என்றால், அந்தச் சுதந்திரத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நீங்கள் கட்டிய வீடு. அதற்காக அவன்மேல் கோபப்படுவது விசித்திரம். ஆனால் அடுத்த வேலையைத் தேடிக்கொள்ளாமல் விட்டதும், வந்த பிறகு இரண்டு மாதம் சும்மா இருப்பதும் வேறு விஷயம். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சோம்பலா, மனச்சோர்வா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். அவன் சரியாகத் தூங்குகிறானா, அல்லது எந்நேரமும் தூங்குகிறானா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்தவற்றில், பந்து விளையாட்டோ கூட்டாளிகளோ, இப்போதும் நாட்டம் உண்டா? தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிக்கொள்கிறானா? இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இருந்தால் அது புத்தி வர வேண்டிய விஷயம் இல்லை, மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கேயே மனநலப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்பதுபோல ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தால் ஒன்றாம் தேதிக் கணக்கெல்லாம் அப்புறம், அன்றைக்கே அழைத்துப் போங்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

நோய் இல்லை, மனம் ஒடிந்து மட்டும் கிடக்கிறான் என்றால், அவன் கையில் ஒரு பலகையைக் கொடுங்கள். அதாவது அவன் செய்தால் நடக்கும், செய்யாவிட்டால் நடக்காது என்று ஒரு வேலை. தண்டனை மாதிரி புல் வெட்டச் சொல்வதைச் சொல்லவில்லை. வீட்டு மின்சார, தண்ணீர்க் கட்டணக் கணக்கை அவனிடம் ஒப்படைக்கலாம். உங்கள் பட்டறையில் சனிக்கிழமை வேலை இருந்தால் கூலி பேசி அழைத்துப் போகலாம், அவனுக்கு விருப்பம் இருந்தால். போலிடெக்னிக் படித்தவன், உங்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு அவனுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு வாங்குங்கள்.

பணத்தை ஒரே வெட்டாக நிறுத்தாதீர்கள், கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள். உட்கார்ந்து பேசி மூன்று மாதத்துக்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். மோட்டார் தவணை முதல் மாதம் முழுக்க உங்களுடையது, அடுத்த மாதம் பாதி, மூன்றாம் மாதம் அவனுடையது. வாரத்துக்கு எத்தனை விண்ணப்பம் அனுப்புவது என்று அவனே ஓர் எண்ணைச் சொல்லட்டும். நீங்கள் சொல்லும் எண்ணை அவன் ஏமாற்றுவான், தான் சொன்ன எண்ணைக் காப்பாற்றப் பார்ப்பான். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில் பதிந்தானா என்றும் கேளுங்கள். முதல் வேலை ஆள் குறைப்பில் போனது என்கிறீர்கள். 2018 முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டத்தில் அப்படிப் போனவர்களுக்குச் சில மாதம் உதவித்தொகை உண்டு, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக விலகினால் பொதுவாகக் கிடையாது. அந்தக் கெடு கடந்திருக்கும், இருந்தாலும் அடுத்த முறைக்குத் தெரிந்திருக்கட்டும். இதைப் படிக்கும் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சம்பளத்திலிருந்து மாதாமாதம் அதற்குப் பிடிக்கிறார்கள், கேட்டு வாங்கத்தான் பலருக்குத் தெரிவதில்லை.

நாலரை மணிக் கதையை அவன் நூறு தடவை கேட்டிருப்பான். அதை விடுங்கள். அப்பா செத்த பிறகு நீங்கள் பயந்தது, லயத்தைக் காலி செய்த அன்று அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது, பட்டறையில் முதல் தடவை வேலையைக் கெடுத்துத் தவுக்கேயிடம் போய் நின்றது, இதுபோல் உங்களுக்கும் ஏதாவது இருக்கும். அதைச் சொல்லுங்கள். ஜெயித்த கதையைக் கேட்டுக் கேட்டு, தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று நம்பியிருப்பான். எதிரே உட்கார வைத்துப் பேச வராவிட்டால், ஈப்போவுக்குப் போகும்போது காரில் கூட்டிப்போங்கள். முகம் பார்க்காமல் பேசுவது அப்பா பிள்ளைக்குச் சுலபம்.

மனைவி மறைத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்கிறீர்கள். மறைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், கொடுப்பதை அல்ல. அம்மா எவ்வளவு கொடுக்கிறார் என்பது அந்த மூன்று மாத ஏற்பாட்டுக்குள்ளேயே வந்துவிடட்டும். மூன்று பேருக்கும் தெரிந்த பணத்தால் பையன் கெட்டுப்போவதில்லை. மூன்று மாதம் முடிந்தும், உடம்புக்கும் மனசுக்கும் ஒன்றும் இல்லாமல், தான் சொன்ன எண்ணைத் தானே கண்டுகொள்ளவில்லை என்றால் மோட்டாரை விற்றுக் கடனை அடையுங்கள். வீட்டை விட்டு மட்டும் போகச் சொல்லாதீர்கள்.